உங்க பிள்ளையா இருந்தா?

குழந்தை மருத்துவர்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், இது உங்க பிள்ளையா இருந்தா நீங்க என்ன செய்வீங்க?" சாதாரணக் காய்ச்சலுக்கு எந்த மருந்து நல்லது என்று கேட்கும்போதும் இது வரும். அப்போது யாருக்கும் இது பாரமில்லை. டாக்டரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவார். ஆனால் பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு இருதயத்தில் ஒரு பாதி சரியாக வளரவில்லை என்று சொல்லப்பட்ட அறையிலும் இதே கேள்விதான் வருகிறது. அங்கே சிலர் பதில் சொல்லாமல் நழுவுகிறார்கள். சிலர் "அது உங்க முடிவு" என்கிறார்கள். சிலர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழான பீடியாட்ரிக்ஸில் இந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து 1999இலும் 2006இலும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அத்தனை காலமாக இது அவர்களையும் தொந்தரவு செய்கிறது. கேள்விக்கு என்ன பதில் என்பதைவிட, கேட்பவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை யோசிப்பதற்கு முன், எந்த மாதிரியான முடிவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஏனென்றால் நம் மொழியே இங்கே கொஞ்சம் ஏமாற்றுகிறது.

*

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அதில் சுமார் எட்டுக் குழந்தைகளுக்கு இருதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கும். நம் வீடுகளில் அது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ஓட்டை. "பிள்ளைக்கு இருதயத்துல ஓட்டையாம்." மலாயிலும் ஜந்தோங் பெர்லுபாங், அதாவது ஓட்டை விழுந்த இருதயம் என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் டாக்டர் பத்து நிமிடம் விளக்கியதை மாமா ஒருவர் பாட்டிக்கு மொழிபெயர்க்கும்போது அது இந்த ஒரு சொல்லாகச் சுருங்கிவிடும்.

ஓட்டை என்றால் அடைக்கலாம் என்று தோன்றுகிறது. பல நேரம் அது உண்மையும்கூட. இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் சின்னத் துவாரம் இருந்தால், பல குழந்தைகளுக்கு அது தானாகவே மூடிக்கொள்ளும். பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சையில் ஒட்டுப் போட்டு மூடுவார்கள். பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடும்.

ஆனால் அதே 'ஓட்டை' என்ற சொல்லுக்குள் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இருதயத்தின் இடது பக்கம்தான் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. சில குழந்தைகளுக்கு அந்த இடது கீழறையும், அதை ஒட்டிய வால்வுகளும், அதிலிருந்து கிளம்பும் மகாதமனியும் மிகச் சிறியதாக, வேலைக்கு ஆகாத அளவில் நின்றுவிடுகின்றன. இடது இருதய வளர்ச்சிக் குறைபாடு என்று இதைச் சொல்லலாம். இங்கே அடைப்பதற்கு ஓட்டை எதுவும் கிடையாது. இருக்க வேண்டியதுதான் இல்லை.

இதில் இன்னொரு கொடுமை, குழந்தை பிறக்கும்போது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அழும். பால் குடிக்கும். கருவில் இருந்தபோது நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைத்திருந்த ஒரு சின்னக் குழாய் இன்னும் திறந்திருப்பதால், வலது பக்கமே இரண்டு பக்கத்தின் வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தக் குழாய் பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மூடிக்கொள்ளும். மூடத் தொடங்கியதும் இந்தக் குழந்தை சாம்பல் நிறமாகிச் சரியும்.

புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் அந்தக் குழாயைத் திறந்தே வைத்திருக்க முடியும். அந்த மருந்து நோயைக் குணப்படுத்துவதில்லை. அது வாங்கித் தருவது சில நாட்களை. அந்தச் சில நாட்களுக்குள்தான் ஓர் அப்பாவும் அம்மாவும் தங்கள் வாழ்க்கையிலேயே பெரிய முடிவை எடுக்கவேண்டியிருக்கிறது.

முன்னே மூன்று வழிகள். முதலாவது, படிப்படியாக மூன்று அறுவை சிகிச்சைகள். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் ஒன்று, நான்கு முதல் ஆறு மாதத்தில் இன்னொன்று, இரண்டு வயதுக்கு மேல் மூன்றாவது. முடிவில் இருதயம் முழுமையாகிவிடுவதில்லை. வலது கீழறை உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்பும். உடம்பிலிருந்து திரும்பும் இரத்தம் எந்த உந்துதலும் இல்லாமல் நேராக நுரையீரலுக்குப் போகும். அப்படி வளர்ந்து கல்லூரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கல்லீரல் கெட்டு, இருதயத்துடிப்பு பிசகி, இருபதுகளிலேயே களைத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வழி, மாற்று இருதயம். பச்சைக் குழந்தைக்குப் பொருந்தும் அளவில் இன்னொரு பச்சைக் குழந்தையின் இருதயம் வேண்டும். அது எந்த ஊரிலும் அரிது. நம் ஊரில் நினைத்துப் பார்ப்பதோடு சரி. மூன்றாவது, மருந்தை நிறுத்திவிட்டு, மூச்சுத் திணறலும் வலியும் தெரியாதபடி பார்த்துக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்திருப்பது. பெரும்பாலும் சில நாட்கள். சில சமயம் ஓரிரு வாரம்.

*

இந்த மூன்றாவது வழியைக் கேட்டதும் பலருக்கு உடம்பு சிலிர்க்கும். "பிள்ளையைச் சாக விடுறதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேறொரு குறையை எடுத்துக்கொள்வோம். இருதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலானவை ஒரு வயதைத் தாண்டாது. 1975இல் பிரேசிலில் அடிப் ஜேட்டின் என்ற அறுவை மருத்துவர் அந்தத் தமனிகளை இடம் மாற்றித் தைத்துக் காட்டினார். இன்று நல்ல மருத்துவமனைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலான குழந்தைகள் அந்தச் சிகிச்சையில் பிழைக்கின்றன. அப்படிப்பட்ட குழந்தையின் பெற்றோர் "வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோறோம்" என்றால் எந்த டாக்டரும் தலையாட்டிவிட முடியாது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டமும் பெற்றோர் மறுக்கும்போது குழந்தையின் உயிரைக் காக்கத் தலையிட வழி வைத்திருக்கிறது. அங்கே பெற்றோருக்கு 'முடிவு' என்று ஒன்று கிடையாது. கடமைதான் இருக்கிறது.

ஆக, ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மறுப்பது குற்றம். அந்தப் பக்கம் மறுப்பது பெற்றோரின் உரிமை. இடது இருதயக் குறைபாடு கோட்டின் எந்தப் பக்கம்?

1980க்கு முன்பு இந்தக் கேள்வியே இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் எல்லாக் குழந்தைகளும் இறந்தன. வில்லியம் நார்வுட் என்ற அமெரிக்க மருத்துவர் அந்த ஆண்டுகளில் முதல் கட்ட அறுவை சிகிச்சையை உருவாக்கினார். அவருடைய முதல் குழந்தைகளில் பலர் பிழைக்கவில்லை. பிறகு மெல்ல மெல்லக் கணக்கு மாறியது. 2005க்கும் 2008க்கும் இடையில் வட அமெரிக்காவின் 15 மருத்துவமனைகள் சேர்ந்து, அந்தச் சிகிச்சையை இரண்டு விதமாகச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள். ஒரு வருட முடிவில், மாற்று இருதயம் தேவைப்படாமல் உயிரோடு இருந்தவை ஒரு முறையில் நூற்றுக்கு 74, மற்றதில் 64. அதாவது, இதையே நிறையச் செய்து பழகிய இடங்களிலும் மூன்றில் ஒன்று அல்லது நான்கில் ஒன்று முதல் பிறந்தநாளைத் தன் சொந்த இருதயத்தோடு பார்க்கவில்லை.

இங்கேதான் எனக்கு விசித்திரமாகப் படும் விஷயம் இருக்கிறது. நல்லது கெட்டது என்பது காலத்துக்கும் ஊருக்கும் அப்பாற்பட்டது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் ஒரே குழந்தை, ஒரே நோய், ஒரே பெற்றோர், ஒரே முடிவு. அது 1978இல் வேறு வழியில்லாத துக்கம். இன்று ஒரு நகரத்தில் அது விவாதத்துக்குரிய தேர்வு. இன்னும் இருபது வருடத்தில் ஏதோ ஒரு நகரத்தில் அது குற்றமாகக்கூட ஆகலாம். நடுவில் மாறுவது அறுவை மருத்துவர்களின் கைப்பழக்கமும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு மூன்று மணிக்கு விழித்திருக்கும் தாதியின் அனுபவமும்தான். பெற்றோரின் கடமை எவ்வளவு என்பதை அவர்கள் முகம்கூடப் பார்த்திராத ஆட்களின் திறமை தீர்மானிக்கிறது.

அந்தக் கோடு எப்படி நகர்கிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது. 1944 நவம்பர் 29ஆம் தேதி பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடம்பு நீலம் பாய்ந்த 15 மாதப் பெண் குழந்தைக்கு ஆல்பிரட் பிளேலாக் அறுவை சிகிச்சை செய்தார். யோசனை தந்தவர் குழந்தை மருத்துவர் ஹெலன் டௌசிக். அந்தச் சிகிச்சையை நாய்களிடம் திரும்பத் திரும்பச் செய்து பழகியிருந்தவர் விவியன் தாமஸ். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டுப் பணமில்லாமல் போன கறுப்பின ஆய்வக உதவியாளர். அன்று அவர் பிளேலாக்கின் பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னார். குழந்தை அந்த முறை பிழைத்தது. சில மாதம் கழித்து இறந்தது. ஆனால் அந்தச் சிகிச்சையால் பின்னர் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன.

அந்தப் பெற்றோர் 'சரி' என்று சொன்னபோது காட்டுவதற்கு எந்த எண்ணிக்கையும் கிடையாது. அவர்கள் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. இன்று நாம் எதைக் கடமை என்கிறோமோ, அது யாரோ சிலர் கடமை இல்லாதபோதே தங்கள் பிள்ளையை ஒப்படைத்ததால் உண்டானது. அதற்காக இன்று ஓர் அம்மாவிடம் போய், "எதிர்காலக் குழந்தைகளுக்காக உன் பிள்ளையைக் கொடு" என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்கு ஏணியாக இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. அப்படி ஆனவர்களுக்கு நன்றி சொல்லலாம். அவ்வளவுதான்.

*

இப்போது கேள்விக்கு வரலாம். "உங்க பிள்ளையா இருந்தா?" என்று கேட்கும்போது குறைந்தது மூன்று கேள்விகள் ஒன்றாகக் கேட்கப்படுகின்றன என்று நினைக்கிறேன்.

முதலாவது: "உள்ளதைச் சொல்லுங்க டாக்டர். பேப்பர்ல இருக்கிறது வேணாம்." இது உண்மையைக் கேட்கும் கேள்வி. தன் சொந்தப் பிள்ளை என்றால் அந்த டாக்டர் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார், யாருடைய கையில் கொடுப்பார் என்பது அவருக்குத் தெரியும். அதைத்தான் பெற்றோர் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். இந்தச் சந்தேகம் வெறும் பயம் இல்லை என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் சாட்சி. அங்கே ஓர் அரச மருத்துவமனையில் 1984 முதல் 1995 வரை நடந்த குழந்தை இருதய அறுவை சிகிச்சைகளைப் பற்றி இயன் கென்னடி தலைமையில் பொது விசாரணை நடந்தது. 2001இல் அறிக்கை வெளிவந்தது. 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், வழக்கமான ஒரு மருத்துவமனையில் எதிர்பார்க்கக் கூடியதைவிட 30 முதல் 35 குழந்தைகள் அதிகமாக அங்கே இறந்தன என்று அது சொன்னது. ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருந்து மருத்துவர் வருடக்கணக்கில் கணக்கெடுத்து எச்சரித்துக்கொண்டிருந்தார். கேட்பாரில்லை. கடைசியில் அவர்தான் ஆஸ்திரேலியாவுக்குப் போக நேர்ந்தது.

அந்தப் பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சட்டப்படி அது சம்மதம். ஆனால் தெரிந்திருக்க வேண்டியது தெரியாமல் தரும் சம்மதத்தை முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்த முதல் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லியாகவேண்டும். உலகக் கணக்கு போதாது. இந்த மருத்துவமனையில், இந்தக் குழுவினர், இதுவரை எத்தனை குழந்தைகளுக்குச் செய்தார்கள், எத்தனை பிழைத்தன, வேறு எங்கே இதைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லவேண்டும். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தாலும்.

இரண்டாவது கேள்வி: "எதை நல்ல வாழ்க்கைன்னு நினைக்கிறீங்க?" இது ஆபத்தான கேள்வி. டாக்டர் தன் விருப்பத்தை மருத்துவ உண்மை மாதிரியே சொல்லிவிட முடியும். டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதயக் குறை இருக்கும். பலவற்றை அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம். ஆனால் 1970களிலும் 80களிலும் பல நாடுகளில் அந்தக் குழந்தைகளுக்குச் சிகிச்சையே வேண்டாம் என்று பெற்றோருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. இருதயத்தால் அல்ல, மூளை வளர்ச்சியைப் பார்த்து. "இந்த மாதிரிப் பிள்ளைக்கு எதுக்குங்க இவ்வளவு கஷ்டம்" என்பது மருத்துவக் கருத்தாக வேடம் போட்டு வந்தது. அந்தக் குழந்தைகளை நெருங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அவர்களுடைய சந்தோஷத்தை அளக்கும் கருவி எந்த டாக்டரிடமும் கிடையாது என்று.

அதனால் சிலர், டாக்டர் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலே சொல்லக்கூடாது என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சொல்லலாம். ஆனால் எது கணக்கு, எது தன் மனசு என்று பிரித்துச் சொல்லவேண்டும்.

பெற்றோர் பக்கமும் இதே சிக்கல் உண்டு. சுங்கை சிப்புட்டிலிருந்தோ குவாந்தானிலிருந்தோ கோலாலம்பூருக்கு வந்து போகவேண்டிய குடும்பம். மூன்று அறுவை சிகிச்சைகள், வருடக்கணக்கான பரிசோதனைகள். அப்பா சம்பளம் இல்லாத விடுப்பில். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் பாட்டியிடம். அந்தப் பிள்ளைகளையும் கணக்கில் எடுப்பது பாவமா? எடுக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். இந்தக் குழந்தை ஒரு குடும்பத்துக்குள்தான் பிறந்திருக்கிறது. அந்தக் குடும்பம் உடைந்தால் அதுவும் சேர்ந்து விழும். மூத்த பிள்ளைகளைப் பற்றி யோசிக்கும் அம்மா, இளையதன்மேல் பாசம் குறைந்தவள் ஆகமாட்டாள்.

ஆனால் இதற்கு வலுவான ஒரு மறுப்பும் உண்டு. "பெற்றோருக்கு உரிமை கொடுங்கன்னு சொல்றீங்க. அப்புறம் யாரு மறுப்பா? காசு இல்லாதவன்தான் மறுப்பான்." நம் தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வரும் அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். குழந்தையை ஏந்திய அப்பா, கீழே வங்கிக் கணக்கு எண். பணம் சேராததால் மருந்தை நிறுத்துவது முடிவு ஆகாது. அதைத் தேர்வு என்று கூப்பிடுவது, ஏழையின் கையைக் கட்டிவிட்டு "நீதானே தொடல" என்று சொல்வது மாதிரி. ஆகவே மூன்றாவது வழி நேர்மையானதாக இருக்கவேண்டும் என்றால், முதல் வழி உண்மையிலேயே திறந்திருக்கவேண்டும். செலவுக்கு வழி செய்யப்பட்ட பிறகு, தங்க இடம் காட்டப்பட்ட பிறகு, அதற்கு மேலும் ஒரு குடும்பம் யோசித்து "வேண்டாம்" என்றால், அதை மதிக்கலாம். அதுவரை மதிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

*

மூன்றாவது கேள்விதான் அடியில் இருப்பது. "எங்களைத் தனியா விட்டுடாதீங்க." இதற்குச் சரியான சொற்கள் பெற்றோரிடம் இல்லை. அதனால் அது "உங்க பிள்ளையா இருந்தா?" என்று வெளிவருகிறது. ஒரு நிமிடமாவது இந்த நாற்காலியில் வந்து உட்காருங்கள் என்று அர்த்தம்.

சார்த்தர் 1945இல் பாரிஸில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். ஜெர்மானியருக்கு எதிராகப் போரிடப் போவதா, தன்னை விட்டால் யாருமில்லாத அம்மாவோடு இருப்பதா என்று கேட்டு வந்தவன். சார்த்தர் அவனுக்கு வழி சொல்லவில்லை. நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு என்ற பொருளில்தான் பதில் தந்தார். யாரிடம் ஆலோசனை கேட்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவை எடுத்துவிடுகிறோம் என்றும் அவர் சொல்கிறார். பாதிரியாரிடம் போனால் பாதிரியாரின் பதில் கிடைக்கும் என்று உனக்குத் தெரியாதா?

இளம் வயதில் இதைப் படிக்கும் எவருக்கும் ஒரு கிளர்ச்சி வரும். யாரும் எனக்காக முடிவெடுக்க முடியாது என்ற தைரியம். ஆனால் அந்தக் குழந்தையின் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்த மாணவன் தன் வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தான். இங்கே தேர்ந்தெடுக்கப்படுவது பேசத் தெரியாத இன்னொருவரின் வாழ்க்கை. அந்த மாணவன் யாரிடம் போவது என்று தேர்ந்தெடுத்தான். இவர்களோ அன்றைக்கு டியூட்டியில் யார் இருந்தாரோ அவரிடம்தான் கேட்க முடியும். ஆகவே "அது உங்க முடிவு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோகும் டாக்டர், வெளியிலிருந்து பார்த்தால் பெற்றோரின் உரிமையை மதிக்கிறார். உள்ளேயிருந்து பார்த்தால் கைவிடுகிறார்.

'பெற்றோர்' என்று நான் எழுதிக்கொண்டே போகிறேன். நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதும் கேட்கவேண்டியது. குழந்தை ஒரு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டிருக்கும். அம்மா இன்னொன்றில் தையலோடு படுத்திருப்பாள். "பச்ச ஒடம்புக்காரி, இப்ப சொல்லாதீங்க, பால் வத்திடும்." அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்பாவும் மாமாவும் பெரியப்பாவும் கூடி எடுக்கும் முடிவு, பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பவளுக்கு முடிந்த செய்தியாகப் போய்ச் சேர்கிறது. அந்தப் பிள்ளையைப் பத்து மாதம் சுமந்தவளுக்கு, அது உயிரோடு இருக்கும் சில நாட்கள் மட்டுமே மிச்சம் என்றால், அதில் ஒரு மணி நேரத்தைக்கூட மறைத்துவைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. குழந்தை ஒன்பது நாள் இருந்தது. பெயர் வைத்தார்கள். மூத்தவளைக் கூட்டிவந்து தங்கச்சியின் விரலைப் பிடிக்க வைத்தார்கள். பல வருடம் கழித்து அந்த அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பிள்ளை போனதைவிட அதற்குப் பிறகு வந்தவர்கள் சொன்னதுதான் ஆறவில்லை என்றார். ஒருவர், "ஆப்பரேஷன் பண்ணியிருந்தா பொழச்சிருக்குமே" என்றாராம். இன்னொருவர், "விடு, கைக்குழந்தைதானே, அடுத்தது பொறக்கும்." முதலாமவர் அவர்கள் எடுத்த முடிவைக் குற்றமாக்கினார். இரண்டாமவர் அந்த ஒன்பது நாளையே இல்லாமல் ஆக்கினார். எது அதிகம் வலித்தது என்று நான் கேட்கவில்லை.

பச்சைப் பிள்ளைகளை நாம் எரிப்பதில்லை, புதைக்கிறோம். பெரியவர்களுக்குச் செய்யும் சடங்குகள் பலவற்றைச் செய்வதில்லை. துக்கம் நீளக்கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருக்கலாம். ஆனால் அதனாலேயே அந்தக் குட்டி ஆயுள் கணக்கில் வராமல் போய்விடுகிறது. மருந்தை நிறுத்துவதை ஏற்றுக்கொள்வதற்கு நான் சொல்லும் காரணம் இதற்கு நேர் எதிரானது. அந்தக் குழந்தையின் வாழ்க்கை அற்பமானது என்பதற்காக இல்லை. ஒன்பது நாளும் ஒரு முழு வாழ்க்கையாக இருக்கலாம் என்பதற்காக. மயக்கத்திலும் குழாய்களுக்கு நடுவிலும் கழியக்கூடிய ஒன்பது நாளா, மடியில் கழியும் ஒன்பது நாளா என்று ஓர் அம்மா எடைபோடுவதை நான் கைவிடுதல் என்று சொல்லமாட்டேன்.

அதே சமயம், அறுவை சிகிச்சைக்கு 'சரி' என்று சொல்லி, முதல் வாரத்திலேயே குழந்தையை இழந்தவர்களிடம் "எதுக்கு அந்தப் பிஞ்சு உடம்பை அறுக்க விட்டீங்க?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தைப்பூசத்தில் பத்துமலைக்குப் போனால் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து வரும் பெற்றோரைப் பார்க்கலாம். வேண்டுதல் பலித்தவர்கள். பலிக்காதவர்களும் அதே அளவு வேண்டியிருப்பார்கள். அவர்கள் கையில் தொட்டில் இல்லாததால் நம் கண்ணில் படுவதில்லை. விளைவைப் பார்த்து முடிவை எடைபோடும் பழக்கம் நமக்கு இப்படித்தான் வருகிறது. பிழைத்தால் நம்பிக்கை, போனால் பிடிவாதம். நூற்றுக்கு 74 என்ற கணக்கில், 74க்குள் விழுந்த பெற்றோரும் 26க்குள் விழுந்த பெற்றோரும் எடுத்தது ஒரே முடிவு. ஒருவர் புத்திசாலி, இன்னொருவர் மூடர் என்று சொல்ல வழியே இல்லை.

*

அப்படியானால் ஒரு நல்ல டாக்டர் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லலாம்? நான் மருத்துவன் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்கவேண்டி வந்தால், இப்படி ஒரு பதில் கிடைக்கவேண்டும் என்று விரும்புவேன்:

"முதல்ல கணக்கைச் சொல்றேன். இங்க நாங்க இத்தனை பிள்ளைங்களுக்குப் பண்ணியிருக்கோம், இத்தனை பேர் வீட்டுக்குப் போயிருக்காங்க. இன்ன இடத்துல இதைவிட நல்லாப் பண்றாங்க, அங்க அனுப்ப முடியுமான்னு நானே கேட்டுச் சொல்றேன். செலவைப் பத்தி இப்ப யோசிக்காதீங்க, அதுக்கு ஆள் இருக்காங்க, நான் பேசுறேன். இது வரைக்கும் மருத்துவம். இனிமே சொல்றது என் மனசு. என் பிள்ளையா இருந்தா நான் இதைத்தான் செய்வேன்னு நினைக்கிறேன். ஆனா என் வீடு வேற, உங்க வீடு வேற. நீங்க வேற மாதிரி முடிவெடுத்தா அது தப்புன்னு நான் நினைக்கமாட்டேன். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்ககிட்டயும் சொல்லணும். எதை முடிவு பண்ணாலும் நான் கூட இருப்பேன்."

இந்தப் பதிலில் மூன்று கேள்விகளுக்கும் இடம் இருக்கிறது. இதைச் சொல்ல அரைமணி நேரம் ஆகும். நம் அரசாங்க மருத்துவமனைகளின் கூட்டத்தில் அந்த அரைமணி நேரத்தைக் கேட்பது பேராசையாக இருக்கலாம். ஆனால் மூன்று அறுவை சிகிச்சைகளுக்கு நேரமும் பணமும் ஒதுக்கத் தெரிந்த அமைப்பு, அதற்கு முந்தைய இந்த உரையாடலுக்கும் ஒதுக்கத்தான் வேண்டும். பெற்றோர் வாழ்நாள் முழுக்க வீட்டுக்குக் கொண்டுபோவது அந்த அரைமணி நேரத்தைத்தான்.

மற்றவர்கள் நாம் அந்த அறைக்குள் இருக்கமாட்டோம். நாம் போவது அதற்குப் பிறகு, பழமோ பால் டின்னோ கையில் எடுத்துக்கொண்டு. அப்போது நம்மிடம் யாரும் ஆலோசனை கேட்கப்போவதில்லை. முடிவு எடுத்தாகிவிட்டது. ஏன் செய்தீர்கள், ஏன் செய்யவில்லை என்ற இரண்டு கேள்விகளையும் வாசலிலேயே விட்டுவிட்டு, குழந்தையின் பெயரைக் கேட்கலாம்.